முலாம்பழ வாசம் கொட்டையிலேயே இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த காபிக் கட்டுரையை இங்கே ரங்கூனில் இருந்து படித்தேன். டிகாக்ஷன் இறக்கும் பக்குவம், சிக்கரி எவ்வளவு சேர்க்கலாம் என்பது எல்லாம் நன்றாக எழுதியிருந்தீர்கள். கடைசிப் பத்திதான் மனதை உறுத்திவிட்டது. முலாம்பழ மணம், பீச் மணம் என்று சொல்லி இப்போது அதிக விலைக்கு விற்கிற காபியெல்லாம் கொட்டையின் மேல் எசென்ஸ் தெளித்த ஏமாற்று வேலை என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார் கட்டுரையாளர். நான் காபி வறுக்கும் தொழிலில் இருக்கிறேன், ஷான் மலைக் காபிதான் வறுக்கிறேன், அந்த வாசம் எங்கிருந்து வருகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காபி ஒரு பழத்தின் விதை. இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் பொடியாகவே பார்த்துப் பழகியதால் நினைவில் நிற்பதில்லை. நன்றாகப் பழுத்த காபிப் பழத்தைப் பறித்து வாயில் போட்டால் சதை என்று பெரிதாக எதுவும் இருக்காது, தோலும் வழவழப்பான ஒரு படலமும்தான். அந்தப் படலம் இனிக்கும், லேசாகத் தர்பூசணி ஞாபகம் வரும். ஆனால் அந்த இனிப்பு அப்படியே கொட்டைக்குள் ஊறி இறங்கிக் கோப்பைக்கு வருகிறது என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. அந்தச் சர்க்கரையை ஈஸ்டும் பாக்டீரியாவும் தின்று புளிக்க வைக்கின்றன. அப்போது எஸ்டர்கள் என்ற மணப்பொருள்கள் உண்டாகின்றன. அதே நேரத்தில் விதையும் உயிரோடுதான் இருக்கிறது, காய்ந்து அடங்கும் வரை அதற்குள்ளும் மாற்றங்கள் நடந்துகொண்டே இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேல் வறுவல் வருகிறது. வறுத்த காபியில் 800-க்கும் மேற்பட்ட ஆவியாகும் மணப்பொருள்கள் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அத்தனைக்கு நடுவில் முலாம்பழத்தை நினைவூட்டும் சில சேர்ந்து வந்தால் அதில் என்ன அதிசயம்?

இது எப்படிக் கைகூடுகிறது என்பதற்கு யுவாங்கன் பக்கம் வந்து பார்க்க வேண்டும். ஷான் மாநிலத்தின் தெற்கில், டனு மக்களின் தன்னாட்சிப் பகுதி, பிண்டயாவை அடுத்திருக்கிறது. 4,000 அடிக்கு மேல் உயரம். பெரிய எஸ்டேட் என்று பார்த்தால் குறைவு. வீட்டைச் சுற்றி, வெண்ணெய்ப்பழ மரத்துக்கும் பலாவுக்கும் அடியில் காபிச் செடிகள் நிற்கும், அவ்வளவுதான். பழைய காலத்தில் பழுத்ததையும் காயையும் ஒன்றாக உருவித் தரையில் கொட்டிக் காயவைத்து, வருகிற வியாபாரிக்கு வீசைக் கணக்கில் அவன் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். 2014-க்குப் பிறகுதான் மாற்றம் வந்தது. அமெரிக்க அரசின் உதவிப் பணத்தில் வின்ராக் என்ற அமைப்பும், காபித் தர நிறுவனம் என்ற இன்னொரு அமைப்பும் வந்து, பழுத்ததை மட்டும் பறிப்பது, தரையில் போடாமல் கால் வைத்த வலைப் பந்தலில் காயப் போடுவது என்று கிராமம் கிராமமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அதே செடி, அதே மண்தான். பறிக்கிற விதத்தையும் காயவைக்கிற விதத்தையும் மாற்றியதும் கோப்பையில் பழ வாசம் வந்துவிட்டது. அந்த ஊர்க் காபியை வெளிநாட்டில் கேட்டு வாங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பந்தலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இடுப்பு உயரத்தில் மூங்கில் கால், மேலே நைலான் வலை. அதில் சிவந்த பழங்களை ஒரு பழ உயரத்துக்கு மேல் குவியாமல் பரப்பியிருப்பார்கள். பரப்புவதற்கு முன்பே தண்ணீரில் கொட்டி, மிதக்கிற சொத்தையை வழித்து எறிந்திருப்பார்கள். முதல் சில நாள்தான் முக்கியம். பழம் இன்னும் ஈரமாக இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டும், மணிக்கு ஒருமுறையாவது கையால் புரட்டிவிட வேண்டும். அந்த வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டை அரைத்த குழம்பு பூசி, தலையில் துண்டு கட்டி, வெயிலில் பந்தல் பந்தலாக நடந்துகொண்டே இருப்பார்கள். நடக்கும்போதே காயாகத் தப்பி வந்ததையும் பூஞ்சை பிடித்ததையும் பொறுக்கி இடுப்புத் துணியில் போட்டுக்கொள்வார்கள். உச்சிவெயிலில் மேலே நிழல்வலை, பனி இறங்குகிற ராத்திரியில் தார்ப்பாய். நாலைந்து நாளில் தோல் சுருங்கிக் கருஞ்சிவப்பாகி, திராட்சை காய்கிற மாதிரி ஒரு வாசம் எழும்பும். பழம் முழுசாகக் காய்ந்து, உள்ளே கொட்டையின் ஈரம் 11 சதவீதத்துக்குப் பக்கத்தில் வர இரண்டிலிருந்து மூன்று வாரம் பிடிக்கும். சீக்கிரம் காய்ந்தால் வாசம் பிறப்பதில்லை. இழுத்துக்கொண்டே போனால் புளிப்பு ஏறிக் கள் வாடையும் காடி வாடையும் வந்துவிடும். முலாம்பழ வாசம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு ஒடுங்கிய இடத்தில்தான் கிடைக்கும். அதனால்தான் அது அபூர்வம், அதனால்தான் விலையும் கூட. ஒரு கிலோ பச்சைக் கொட்டை கிடைக்க ஆறேழு கிலோ பழம் பறிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இங்கே வானமும் ஒத்துழைக்கிறது. ஐப்பசியோடு பருவமழை போய்விடும், மார்கழியிலிருந்து மாசி வரை பழம் பறிக்கிற நாளெல்லாம் வறண்ட வெயிலும் குளிர்ந்த இரவும்தான். பழனி மலையில் பறிக்கிற காலத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து தொல்லை கொடுக்குமே, அந்தத் தொல்லை ஷான் மலையில் இல்லை.

பழத்தோடு முழுசாகக் காயவைத்த கொட்டை என்றாலே நம்மவர்களுக்கு ஒரு இளக்காரம் உண்டு. தமிழ்நாட்டுக் காபிக்கடைக்காரரைக் கேட்டால் 'பிளாண்டேஷன்' என்பது உசத்தி, 'செர்ரி' என்பது மட்டம் என்பார். கழுவிப் பதப்படுத்தியது பிளாண்டேஷன், பழத்தோடு காய்ந்தது செர்ரி. இந்தியச் சந்தையில் ரொம்ப நாளாக இருக்கிற பிரிவு இது, அந்தக் காலத்துக்கு அது பொருந்தவும் செய்தது. நல்ல பழமெல்லாம் கழுவப் போகும், மிச்சம் மீதி, காய், உதிர்ந்தது, வண்டு துளைத்தது இவைதான் தரையில் காயும். அப்படிப்பட்டது மட்டமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் தரப் பழத்தை எடுத்து இத்தனை கவனமாகக் காயவைத்தால் வருவது வேறு சரக்கு. கட்டுரையாளர் அந்தப் பழைய பிரிவை மனதில் வைத்துக்கொண்டு, செர்ரிக் காபியில் நல்ல வாசம் எப்படி வரும், எசென்ஸ்தான் என்ற முடிவுக்கு வந்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஷான் மலையிலும், மண்டலேக்குப் பக்கத்து மலை ஊரான மேமியோவிலும் இருக்கிற செடிகளில் கணிசமானவை எஸ்.795 ரகம். அது 1940-களில் கர்நாடகத்தில் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம்தான். ஏற்காட்டிலும் கொடைக்கானல் பக்கத்திலும் நிற்கிற அதே செடி. இங்கே அது கொடுக்கிற வாசத்தை அங்கேயும் கொடுக்க வைக்க முடியும், தமிழ்நாட்டு மலைகளில் சில தோட்டக்காரர்கள் அந்த முயற்சியில் இறங்கியும் இருக்கிறார்கள். அவர்கள் தலையிலும்தான் உங்கள் கட்டுரையின் அந்த ஒரு வரி விழுகிறது.

சரி, முலாம்பழம் என்று ஏன் சொல்கிறோம், யாரோ கற்பனை செய்து எழுதுவதா என்றும் கட்டுரையில் ஒரு கேள்வி இருந்தது. நியாயமான கேள்விதான். காபியைச் சுவை பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் சுவைச் சக்கரம் ஒன்று உண்டு, முதலில் 1995-ல் வந்தது, 2016-ல் அமெரிக்கச் சிறப்புக் காபிச் சங்கமும் உலகக் காபி ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து புதிதாக வெளியிட்டார்கள். அதில் பழங்களுக்கு என்று ஒரு பெரிய பகுதி இருக்கிறது. ஆப்பிள், பேரிக்காய், பீச், திராட்சை, அன்னாசி, மாதுளை, தேங்காய்கூட இருக்கிறது, முலாம்பழம் இல்லை. அதற்காக அந்த வாசம் இல்லை என்று ஆகிவிடாது. சுவை பார்க்கிறவர் தனக்கு எது ஞாபகம் வருகிறதோ அதை எழுதுகிறார். பர்மாவில் இருக்கிறவருக்கு முலாம்பழம் ஞாபகம் வருவது ரொம்ப இயல்பு. மண்டலே, சகாயிங் பக்கத்துத் தர்பூசணியும் முலாம்பழமும் லாரி லாரியாக மூசே எல்லை வழியே சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த நாடு இது. காபி அறுவடை நடக்கிற அதே மாதங்களில் அந்தப் பழங்களும் ரோட்டோரமெல்லாம் குவிந்து கிடக்கும்.

என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். காலை, மாலை இரண்டு வேளையும் பித்தளை ஃபில்டரில் சிக்கரி போட்ட டிகாக்ஷன், கட்டிப் பால், இரண்டு கரண்டி சர்க்கரை, வாழ்நாள் முழுக்க அப்படியே குடித்துப் பழகியவர். யுவாங்கனில் இருந்து வந்த ஒரு மூட்டையை லேசாக வறுத்து, பாலில்லாமல் அவருக்கு ஒரு கோப்பை கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். "என்னடா இது, டீத்தண்ணி மாதிரி இருக்கு, புளிக்க வேற செய்யுது" என்று வைத்துவிட்டார். "கொஞ்சம் ஆறட்டும் சித்தப்பா, அப்புறம் குடிச்சுப் பாருங்க" என்றேன். பேச்சு எங்கேயோ போய்விட்டது, மௌல்மெயினில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், மின்சாரம் எப்போது வரும், இப்படி. கால் மணி நேரம் கழித்துத் தானாகவே எடுத்துக் குடித்தவர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். "முலாம்பழம் அறுக்கும்போது தோலுக்குப் பக்கத்துல பச்சையா ஒரு வாசம் வருமே, அது வருதுடா" என்றார். முலாம்பழம் என்ற பேச்சையே நான் அவரிடம் எடுத்திருக்கவில்லை.

தோலுக்குப் பக்கத்தில் என்று அவர் சொன்னது ரொம்பச் சரி. முலாம்பழத்தில் இரண்டு வாசம் இருக்கிறது. நடுவில் விதைக்குழியை ஒட்டி வருவது தித்திப்பான வாசம், அது எஸ்டர்களால் வருகிறது. தோல் பக்கம் வருவது வெள்ளரிக்காய் வாசம் கலந்த பச்சை மணம். அது ஒன்பது கார்பன் அணு கொண்ட ஆல்டிஹைடு, ஆல்கஹால் வகைப் பொருள்களால் வருகிறது, வெள்ளரிக்கும் முலாம்பழத்துக்கும் பொதுவானவை அவை. நல்ல காபியில் சில சமயம் முதலாவது தெரியும், சில சமயம் இரண்டாவது, எப்போதாவது இரண்டும் சேர்ந்து வரும். அதோடு காபியில் மாலிக் அமிலமும் இருக்கிறது, ஆப்பிளிலும் தர்பூசணியிலும் இருக்கிற அதே அமிலம்தான். எலுமிச்சை மாதிரிச் சுள்ளென்று வெட்டாமல் மெதுவாக வாயில் பரவுகிற புளிப்பு அது. மெல்லிய இனிப்பு, மெதுவான புளிப்பு, மேலே அந்த மணம், மூன்றும் ஒன்றாக வரும்போது நாக்கு முலாம்பழம் என்று சொல்லிவிடுகிறது.

ஆறினால்தான் தெரியும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும்போது நாக்குக்குச் சூடுதான் தெரியும், வறுவலின் கசப்பும் முன்னால் நிற்கும். தொழிலில் சுவை பார்க்கிறவர்களும் இப்படித்தான் காத்திருக்கிறார்கள். 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் பொடி, தண்ணீர் 93 டிகிரி, நாலு நிமிடம் கழித்து மேலே மிதக்கிற ஏட்டைக் கரண்டியால் உடைத்து மோந்து பார்ப்பது, எட்டுப் பத்து நிமிடம் கழித்து 70 டிகிரிக்கு வந்ததும் முதல் உறிஞ்சல். அதோடு விடுவதில்லை. கோப்பை உடம்புச் சூட்டுக்கும் கீழே இறங்கும் வரை திரும்பத் திரும்ப வந்து உறிஞ்சி மதிப்பெண் போடுகிறார்கள். இனிப்பு, சுத்தம் இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் ஆறிய பிறகுதான். ஒரே சரக்கில் ஐந்து கோப்பை வைத்து ஐந்தும் ஒன்றுபோல இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். 100-க்கு 80 வந்தால்தான் சிறப்புக் காபி என்பது ரொம்ப நாளாக இருந்துவந்த கணக்கு. ஆறினால் நாறுகிற காபிக்கு அந்த மேசையில் இடமில்லை. சூட்டிலேயே குடித்துப் பழகிய நமக்கு அந்த வாசம் எட்டாமல் போவதில் ஆச்சரியமும் இல்லை.

வறுவலையும் சொல்லியாக வேண்டும், அது என் தொழில். கொட்டை 200 டிகிரிக்குச் சற்று முன்பாகச் சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று வெடிக்கும். அந்த வெடிப்பு அடங்கியதும் இறக்கிவிட்டால் பழ வாசம் மிஞ்சும். இன்னும் விட்டுக் கருக்கிவிட்டால் சிட்ரிக், மாலிக் அமிலங்கள் சிதைந்து, எண்ணெய் கசிந்து, எந்த ஊர்க் கொட்டையாக இருந்தாலும் ஒரே கசப்புக்கு வந்து சேரும். பாலோடும் சர்க்கரையோடும் குடிக்க அந்தக் கருவறுவல் நன்றாகத்தான் இருக்கும், சிக்கரி சேர்த்தால் டிகாக்ஷன் கெட்டியாகவும் இறங்கும். நம் ஃபில்டர் காபியை நான் ஒரு சொல்லும் குறைத்துச் சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டிலும் தினம் அதுதான். ஆனால் அதற்குப் போடுகிற கொட்டை வேறு, இது வேறு. யுவாங்கன் பந்தல் காபியைக் கருக்கி, சிக்கரி கலந்து, பாலை ஊற்றிவிட்டு, முலாம்பழம் எங்கே என்று கேட்டால் அது எங்கே இருக்கும்?

இப்போது எசென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். எசென்ஸ் காபி என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. வெனிலா, ஹேசல்நட் என்று விற்பதெல்லாம் வறுத்த பிறகு கொட்டையில் மணத்தைலம் கலந்து புரட்டுவதுதான், பையிலேயே அப்படி எழுதியிருந்தால் அதில் தப்பும் இல்லை, பிடித்தவர்கள் குடிக்கலாம். இரண்டாவது ஒரு வகை சில ஆண்டுகளாக வந்திருக்கிறது, காபிப் பழத்தைப் புளிக்க வைக்கிற தொட்டியிலேயே வேறு பழத்தையோ பழச்சாற்றையோ போட்டு மூடிவிடுவது. அதில் பழ வாசம் அள்ளிக்கொண்டு வரும். அது இயற்கையா செயற்கையா என்று காபி உலகமே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. என் கருத்து, சேர்த்ததைச் சேர்த்தேன் என்று பையில் எழுத வேண்டும், எழுதாமல் விற்றால் அது ஏமாற்றுதான். மூன்றாவது நான் இத்தனை நேரம் சொன்னது, எதையும் சேர்க்காமல் பழத்தில் இருந்தும் கை வேலையில் இருந்தும் வருவது. இந்த மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதுதான் கட்டுரையில் எனக்கு ஏற்காத இடம்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. எசென்ஸ் போட்டது பையைத் திறந்ததுமே முகத்தில் அடிக்கும், பழ மிட்டாய் வாசம். சூடாக இருக்கும்போதே பலமாகத் தெரியும், ஆற ஆற வெறும் கசப்புக் காபி மட்டும் மிஞ்சும். அதை அரைத்த மிஷினில் அடுத்து எதை அரைத்தாலும் அந்த வாசம் ஒட்டிக்கொண்டு வரும். உண்மையானது நேர்மாறாக நடக்கும். பையில் மோந்தால் காபி வாசம்தான் முதலில், அடியில் லேசாக உலர்பழம். கோப்பையில் சூடாக இருக்கும்போது கொஞ்சம், ஆற ஆறத்தான் முழுசாக வெளியே வரும். இங்கே ரங்கூனில் ஒரு கடை, பெயர் சொல்லப் போவதில்லை, 'ஷான் மலை இயற்கை முலாம்பழக் காபி' என்று பெரிய விலைக்கு விற்றது. வாங்கி வந்து அரைத்தேன். அரைக்கும் போதே தெரிந்துவிட்டது, மிஷினைக் கழற்றித் துடைத்தும் அந்த வாடை போகவில்லை. கடையில் போய்க் கேட்டதற்கு, எங்கேயும் இப்படித்தான் விற்கிறார்கள் என்று பதில் வந்தது. கோபம் வந்தது, இன்னும் அந்தக் கோபம் இருக்கிறது. பந்தலுக்குப் பந்தல் நடந்து பழம் புரட்டுகிற அந்தப் பெண்ணின் உழைப்புக்குக் கிடைக்க வேண்டிய பெயரை ஒரு புட்டி எசென்ஸ் வாங்கிக்கொண்டு போகிறதே என்ற கோபம். உங்கள் கட்டுரையாளர் இந்த மாதிரிக் கடையைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார் என்றால் அவருடைய கோபமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டியவர்களிடம் போய்ச் சேரவில்லை.

இந்த நாட்டின் நிலைமையைப் பற்றி உங்கள் பத்திரிகையிலேயே நிறைய எழுதியிருக்கிறீர்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாதை எப்போது திறந்திருக்கும் எப்போது மூடும் என்று தெரியாது, மலையிலிருந்து மூட்டை வந்து சேருவதே பெரிய காரியம். மின்வெட்டில் வறுவல் பாதியில் நின்றால் அந்தக் கொட்டை குப்பைக்குத்தான். மழைக்காலத்து ரங்கூன் ஈரத்தில் சாதாரணச் சணல் சாக்கில் வைத்த பச்சைக் கொட்டை சில மாதத்திலேயே வாசம் மங்கி அட்டைப்பெட்டி வாடைக்கு வந்துவிடும், அதற்கென்று காற்றுப் புகாத உள்பை தேடி வாங்கிப் போட வேண்டும். தெற்கு ஷானில் வேறு சில இடங்களில் ஐ.நா.வின் போதைப்பொருள் தடுப்பு அலுவலகம் உதவி செய்து, அபினுக்காகக் கசகசாச் செடி போட்ட மலைச்சரிவில் விவசாயிகள் காபி நட்டிருக்கிறார்கள். நட்டு மூன்று நாலு வருஷம் கழித்துத்தான் பழம் வரும், அபினுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. அப்படிப் பொறுத்திருந்து நட்டவருக்குக் கைகொடுப்பது ஒன்றே ஒன்றுதான், சாதாரணக் காபியைவிட நல்ல வாசமுள்ள காபிக்குக் கூடுதல் விலை கொடுக்க யாரோ ஒருவர் தயாராக இருப்பது. அந்த வாசமே பொய் என்று பரவிவிட்டால் அவர் எதை நம்பி அடுத்த செடியை நடுவார்?

பர்மாத் தமிழர்களிடமும் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நம் பையன்கள் எத்தனையோ பேர் இங்கே தேநீர்க்கடையிலும் காபிக்கடையிலும் வேலை செய்கிறார்கள், நம்மவர்களே நடத்துகிற கடைகளும் இருக்கின்றன. ஆனால் காபி என்று கேட்டால் பொட்டலம் கிழித்துக் கொட்டுகிற காபி மிக்ஸ்தான் வருகிறது, அதில் பாதிக்கு மேல் சர்க்கரையும் பால்பொடிக்குப் பதிலாகப் போட்ட க்ரீமர் பொடியும். சில மணி நேரப் பயணத்தில் இருக்கிற மேமியோவிலிருந்து காபி வந்து மண்டலேயில் இறங்குகிறது, அது எப்படி இருக்கும் என்று தெரியாமலே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். விலை ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஒரு பொட்டலம் மிக்ஸ் விற்கிற காசுக்கு இதைக் கொடுக்க முடியாது. ஆனால் வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து நாலு பேர் உட்கார்ந்து ஒரு கோப்பை குடிக்கலாம். கோப்பைக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு ஐஸ்கிரீம் விலைகூட வராது.

இதற்குப் பெரிய மிஷின் எதுவும் வேண்டாம், வாசகர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். லேசான வறுவல், வறுத்து ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் இருக்கிற கொட்டை. ரவை பதத்தைவிடச் சற்றுக் கூடுதல் கரகரப்பாக அரைத்து, ஒரு டம்ளரில் 11 கிராம், தோராயமாக இரண்டு பெரிய கரண்டி போடுங்கள். கொதித்த தண்ணீரை ஒரு நிமிடம் விட்டுவிட்டு 200 மில்லி ஊற்றுங்கள். நாலு நிமிடம் தொடவே வேண்டாம். பிறகு மேலே கட்டியிருக்கும் ஏட்டைக் கரண்டியால் மூன்று முறை தள்ளி உடைத்து, உடைக்கும்போதே மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். மிச்ச நுரையை வழித்துவிட்டால் தூள் அடியில் படிந்துவிடும். அப்புறம் பத்தாவது நிமிடத்தில் ஒரு வாய், இருபதாவது நிமிடத்தில் ஒரு வாய், அரை மணி கழித்து ஒரு வாய், கரண்டியால் எடுத்துச் சத்தம் போட்டு உறிஞ்ச வேண்டும், கூச்சப்படக் கூடாது, காற்றோடு சேர்ந்து போனால்தான் வாசம் மூக்குக்கு ஏறும். சர்க்கரையும் பாலும் அன்றைக்கு மட்டும் வேண்டாம். பக்கத்தில் ஒரு துண்டு முலாம்பழம் அறுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. முதலில் காபி, அப்புறம் பழத்தை மோந்து பார்ப்பது, மறுபடி காபி. முதல் தடவையே பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை. கழுவிப் பதப்படுத்திய காபி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் குடித்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்பது இரண்டு. ஞாயிறு இணைப்பில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், எசென்ஸ் கலந்தது, வேறு பழம் சேர்த்துப் புளிக்க வைத்தது, எதுவும் சேர்க்காதது என்று மூன்றும் வேறு வேறு என்று வாசகர்களுக்குத் தெரியட்டும். அடுத்தது, காபி வாங்கும்போது பையில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கட்டம் போட்டு வெளியிட்டால் உபகாரமாக இருக்கும்: எந்த ஊர்க் கொட்டை, எப்படிப் பதப்படுத்தியது, எந்தத் தேதியில் வறுத்தது, வெளியிலிருந்து ஏதாவது சேர்த்தார்களா. இந்த நாலும் எழுதாத பையை வாங்க வேண்டாம் என்று தைரியமாகப் போடுங்கள், கடைக்காரர்கள் தானாக எழுத ஆரம்பிப்பார்கள். கட்டுரையாளர் சம்மதித்தால் யுவாங்கன் காபி அரைக் கிலோ, போன மாசி மாத அறுவடை, வறுக்காத கொட்டையாகவே சென்னைக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அங்கே அவருக்கு நம்பிக்கையான இடத்தில் அவர் கண்முன்னே வறுத்துக்கொள்ளட்டும், முதல் வெடிப்பு அடங்கியதும் இறக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காபி வறுக்கும் வாசகர் ஒருவர்,
ரங்கூன்